பிடுங்கிய புள்ளிக்குக் காரணம் சொல்லுங்கள்

கழுத்தைப் பிடித்து அமத்தினவளுக்கு ஒரு சொல்லும் இல்லை. அமத்துப்பட்ட எங்கள் பிள்ளைக்குத்தான் எச்சரிக்கை. எச்சரிக்கை என்றால் ஏதோ வாயால் ஏசிவிட்டு விடுவது என்று வெளியில் உள்ளவர்கள் நினைப்பார்கள். குத்துச்சண்டையில் அதற்கு விலை ஒரு புள்ளி. றிங்கைச் சுற்றி இருக்கும் ஐந்து நடுவர்களின் கணக்கிலும் ஒரேயடியாக ஒன்று குறையும். எங்கள் பிள்ளை தோற்றது 3க்கு 2 என்று. எழுதும்போதே கை நடுங்குகிறது எனக்கு. எந்தப் போட்டி, எந்த மண்டபம், றிங்குக்குள் நின்ற அந்த மத்தியஸ்தர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. அவள் இன்னும் அந்த றிங்குகளுக்குத்தான் போக வேண்டும், அந்த ஆட்களுக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். வாய் திறந்தவளின் பெயர் எங்கெல்லாம் நினைவில் வைக்கப்படும் என்று எனக்குத் தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்களுடையவள் கட்டை. எதிரே நின்றவள் நெட்டை, கை நீளம். கட்டையானவளுக்குக் குத்துச்சண்டையில் ஒரே வழிதான் உண்டு: எதிராளியின் நீட்டுக் கைக்குக் கீழே புகுந்து கிட்டப் போய், வயிற்றிலும் விலாவிலும் குத்த வேண்டும். அதைத்தான் புதுக்குடியிருப்பு மண்ணில் நின்று நாங்கள் பழக்கினோம். இப்படிப் புகுந்து வருகிறவளைத் தடுக்க நெட்டையானவர்களுக்கு ஒரு கள்ள வேலை இருக்கிறது. உள்ளே வந்தவளின் பிடரியில் கையைப் போட்டு, உடம்புப் பாரம் முழுவதையும் அவள் மேல் சாய்த்துக் கீழே அமத்துவது. பிடிப்பது தவறு, சாய்வது தவறு, தலையை அமத்துவதும் தவறு. மூன்றும் விதிப்புத்தகத்தில் இருக்கிற தவறுகள். ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு தவறும் இருக்கிறது: இடுப்புப் பட்டிக்குக் கீழே தலையைத் தாழ்த்துவது, தலையை முன்னுக்குக் கொண்டுபோய் இடிப்பது. அமத்துகிற கை மத்தியஸ்தரின் கண்ணில் படாவிட்டால், தாழ்ந்த தலை மட்டும்தான் படும்.

அன்றைக்கு அவர் நின்றது நெட்டைப் பிள்ளையின் முதுகுப் பக்கம். அங்கே நின்றால் பிடரியில் கிடந்த கை தெரியாது. இருவரும் ஒட்டிக்கொண்டால் பக்கவாட்டில் நகர்ந்து, இரண்டு உடம்புக்கும் நடுவே உள்ள வெளியைப் பார்க்க வேண்டும் என்பது மத்தியஸ்தர் வேலைக்கு வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாலபாடம். அவர் நகரவில்லை. முதலாம் சுற்றில் நகரவில்லை, இரண்டாம் சுற்றில் நகரவில்லை. மூன்றாம் சுற்றில் ‘ஸ்டொப்’ என்றார். எங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து நடுவர்கள் பக்கம் காட்டினார். ஏதோ சிங்களத்தில் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலைத்தான் பிறகு எங்களுக்கு எதிராகச் சொன்னார்கள். ‘பிள்ளையே ஒத்துக்கொண்டுவிட்டதே’ என்றார்கள். ஐயா, அவளுக்கு என்ன விளங்கினது என்று தலையாட்டினாள்? வாய்க்குள் கம்ஷீல்ட், காதை மூடிய தலைக்கவசம், மூச்சு வாங்குகிறது, முன்னால் ஒரு பெரிய மனிதர் அதட்டுகிறார். பெரியவர்கள் ஏசினால் தலையைக் குனிந்து ‘ஓம்’ என்று கேட்டுக்கொள்ளச் சொல்லித்தான் நாங்கள் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். கீழே இறங்கி வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “மாஸ்டர், நான் என்ன பிழை விட்டனான்?” நான் என்ன சொல்ல? “அவ தானே என்ரை கழுத்தைப் பிடிச்சு அமத்தினவ?” என்று திரும்பவும் கேட்டாள். நான் அவளுடைய கைக்கட்டுத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

மூலையில் நிற்கிறவன் சுற்று நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது. எழும்பிக் கத்தினால் எங்களையும் வெளியே அனுப்பலாம், அதனால் பிள்ளைக்கும் கேடு வரும். கண்முன்னே நடப்பதைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்து இருந்தேன்.

மொழி தெரியாதது ஒரு சாட்டா? உலகம் முழுவதும் குத்துச்சண்டை றிங்கில் பேச்சு மூன்றே சொல்தான்: பொக்ஸ், ஸ்டொப், பிறேக். மிச்சமெல்லாம் கையால் காட்டுவது. தலையால் இடித்தால் தன் தலையைத் தொட்டுக் காட்ட வேண்டும். பிடித்தால் பிடிக்கிற மாதிரிக் காட்ட வேண்டும். உஸ்பெகிஸ்தான்காரனும் கியூபாக்காரனும் ஒரே றிங்கில் நிற்க முடிகிறது என்றால் இந்தச் சைகைகளால்தான். அந்தச் சைகையைக்கூட அவர் காட்டவில்லை. முல்லைத்தீவுப் பிள்ளைக்கு அதுவும் மிச்சமா?

ஒரு புள்ளிதானே என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. மூன்று சுற்றில் இரண்டை நீங்கள் வென்றால் 29க்கு 28. அதில் ஒரு புள்ளியைப் பிடுங்கினால் 28க்கு 28. வென்ற சண்டை சமனாகிவிடும். சமனானால் நடுவர் இருவரில் ஒருவரை வென்றவர் என்று சுட்ட வேண்டும். சற்று முன்னர் தவறு செய்தவள் என்று மத்தியஸ்தரால் கைபிடித்துக் காட்டப்பட்டவளை எந்த நடுவர் சுட்டுவார்? நடுவர்களின் கடுதாசிகளை எங்களுக்குக் காட்டவுமில்லை. தொழில்முறைச் சண்டையில் ஆண்களின் உலகப் பட்டத்துக்கு 12 சுற்று. அங்கே ஒரு புள்ளி போனால் பிடித்துக்கொள்ள இன்னும் சுற்றுகள் கிடக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு மூன்றே சுற்று. மூன்றாம் சுற்றில் பிடுங்கினால் பிடிப்பதற்கு எதுவும் இல்லை.

தவறுக்குப் புள்ளி வெட்டக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வெட்டத்தான் வேண்டும். பட்டிக்குக் கீழே குத்தினால், பிடரியில் குத்தினால், ‘பிறேக்’ சொன்ன பிறகு ஓரடி பின்னுக்கு வைக்காமல் குத்தினால், வெட்டு. இவை உயிரோடு விளையாடுகிற வேலைகள். 1996 ஜூலையில் நியூயோர்க்கில் ரிடிக் போவை அன்ட்ரூ கோலோட்டா அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார், புள்ளியிலும் முன்னால் நின்றார். ஆனால் இடுப்புக்குக் கீழே திரும்பத் திரும்பக் குத்தினார். மத்தியஸ்தர் மூன்று புள்ளி வெட்டினார், அதற்கும் அடங்காதபோது ஏழாம் சுற்றில் தகுதிநீக்கம் செய்தார். அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 28இல் மைக் டைசன் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தபோது மத்தியஸ்தர் மில்ஸ் லேன் சண்டையை நிறுத்தி இரண்டு புள்ளி வெட்டினார். டைசன் மறுபடியும் கடித்தார், லேன் அவரை வெளியே அனுப்பினார். எதற்காக வெட்டினார் என்று மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தவனுக்கும் தெரிந்தது. தொழில்முறைச் சண்டையில் புள்ளி வெட்டும்போது நேரத்தை நிறுத்தி, வீரரை அழைத்துப்போய் நடுவர்களுக்கு விரலால் எண்ணிக் காட்டுவதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இலட்சக்கணக்கான டொலர் புரளும் இடத்தில் அந்த மரியாதை இருக்கிறது. இரவல் கிளவுஸ் போட்டு வந்த பிள்ளைக்கு அது இல்லை.

எங்களுக்கு நடந்தது உலகில் முதல் தரமும் அல்ல. 1988 சியோல் ஒலிம்பிக்கில், சொந்த நாட்டு வீரர் பியோன் ஜோங் இல்லுக்கே இதே தலைப் பிரச்சினை. பல்கேரியாவின் ஹிரிஸ்தோவுடன் நடந்த சண்டையில், தலையைப் பாவித்தார் என்று நியூசிலாந்து மத்தியஸ்தர் கீத் வோக்கர் அவருக்கு இரண்டு புள்ளி வெட்டினார். 4க்கு 1 என்று தோல்வி. கொரியப் பயிற்சியாளர்கள் றிங்குக்குள் பாய்ந்து மத்தியஸ்தரை அடித்தார்கள். அது காடைத்தனம், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் பியோன் யாரையும் அடிக்கவில்லை. றிங்கின் மூலையில் இருந்துவிட்டார். 67 நிமிடம். விளக்குகளை அணைத்தார்கள், அப்போதும் இருந்தார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். எங்கள் பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட இருக்கக் கிடைக்கவில்லை, அடுத்த சோடி காத்துக்கொண்டிருந்தது.

அதே ஒலிம்பிக்கில், எண்ணிப் பார்த்ததில், அமெரிக்காவின் ரோய் ஜோன்ஸ் 86 குத்துக் குத்தினார், எதிரே நின்ற கொரியாவின் பார்க் சி ஹுன் 32. தங்கம் பார்க்குக்கு, 3க்கு 2 என்று. அதே 3க்கு 2. அந்தத் தீர்ப்பை எந்தச் சங்கமும் மாற்றவில்லை. 35 ஆண்டுகள் கழித்து, 2023இல், பார்க் தானே அமெரிக்காவுக்குப் போய் அந்தப் பதக்கத்தை ஜோன்ஸின் கையில் கொடுத்தார். சங்கங்கள் செய்யாததை, தோற்கடித்ததாகச் சொல்லப்பட்டவன் செய்தான்.

ஆனால் இரவில் நித்திரை வராமல் நான் நினைப்பது சரிதா தேவியைத்தான். இந்தியக் குத்துச்சண்டை வீராங்கனை, மணிப்பூர்காரி. எங்களைப் போலவே சந்திக்குச் சந்தி இராணுவம் நின்ற மண்ணில் பிறந்து வளர்ந்தவள். 2014 செப்டெம்பர் 30, இஞ்சியோன் ஆசிய விளையாட்டு அரையிறுதி. கொரியாவின் பார்க் ஜி நாவை அடித்துக் களைக்க வைத்தவள் அவள்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நடுவர்கள் 0க்கு 3 என்றார்கள். முறைப்பாடு கொடுக்க 500 டொலர் கட்ட வேண்டியிருந்தது. கையில் காசில்லை. மற்றவர்களிடம் வாங்கித்தான் கட்டினார்கள். கட்டின பிறகு, நடுவர் தீர்ப்பை எதிர்த்து முறையிட முடியாது என்று திருப்பிவிட்டார்கள். பதக்க மேடையில் அழுதுகொண்டு நின்று, தன் வெண்கலத்தைக் கழற்றி வெள்ளி வென்ற கொரியப் பெண்ணின் கழுத்தில் போட்டாள். அதற்காக அவளுக்கு ஓராண்டுத் தடை. தீர்ப்பு எழுதினவர்களுக்கு அன்றைக்கு என்ன நடந்தது? அழுதவளுக்குத் தண்டனை கொடுத்தார்கள், அவளிடமே மன்னிப்பும் வாங்கினார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து ரியோ ஒலிம்பிக்கிலும் அதே கூத்து. அங்கே கடமை செய்த 36 மத்தியஸ்தர், நடுவர் அனைவரையும் பிறகு ஒதுக்கி வைத்தார்கள். 2021இல் வந்த மக்லாரன் அறிக்கை, தீர்ப்புகளைத் திருப்புவதற்கு ஓர் ஒழுங்கே இருந்தது என்று சொன்னது. அதற்குப் பின்னர்தான் உலகச் சங்கமே ஒலிம்பிக் அங்கீகாரத்தை இழந்தது, 2023 ஜூனில். மேலே இவ்வளவு அழுகல் இருக்கும்போது கீழே நாங்கள் யாரிடம் போய் முறையிட?

பிள்ளை எங்கிருந்து வந்து அந்த றிங்கில் ஏறினாள் என்று அந்த மேசையில் இருந்த எவருக்காவது தெரியுமா? 2009இல் தாயின் இடுப்பில் முள்ளிவாய்க்கால் கடந்தவள். நடை பழகினது செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில். எங்களிடம் றிங் இல்லை. வேப்பமரத்தில் தொங்கும் மணல் மூட்டையும், நாலு தடி நட்டுக் கயிறு கட்டின இடமும்தான். தலைக்கவசம் ஒன்றை மாறி மாறிப் போடுவார்கள், மற்றவளின் வியர்வை காயுமுன். போட்டிக்குப் போகிற நாளில் மாங்குளம் வரை ஒரு பஸ், அங்கிருந்து ஏ9இல் இரவு முழுவதும் இன்னொரு பஸ். விடிய நிறை பார்ப்பார்கள் என்பதால் வழியில் சாப்பாடும் இல்லை, தண்ணீரும் அளந்துதான். கால் வீங்கின பிள்ளை தராசில் ஏறும்போது, தன் வீட்டில் படுத்தெழும்பி வந்தவள் பக்கத்தில் நிற்பாள். இதற்கெல்லாம் எங்களுக்கு ஒரு புள்ளி கூட்டித் தாருங்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. இருக்கிறதைப் பிடுங்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

வன்னிப் பிள்ளைகளால் முடியாது என்று யாரும் சொல்லவும் கூடாது. 2022இல் பாகிஸ்தான் போய் சவாட் என்ற உதைகுத்துச் சண்டையில் தங்கம் எடுத்து வந்தாளே கணேஸ் இந்துகாதேவி, அவள் எங்கள் முல்லைத்தீவுக் கரிப்பட்டமுறிப்புப் பிள்ளை. அவள் வந்திறங்கினபோது மாலை போடாத ஆள் இல்லை. எங்கள் பெட்டைகள் அந்தப் படத்தைப் பத்திரிகையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மாலை போட வருகிறவர்கள், இங்கே புள்ளி பிடுங்கும்போது ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்கவும் வரவில்லை.

ஓம், போட்டியை நடத்தினவர்களுக்குக் கடிதம் எழுதினோம். தமிழில் எழுதினோம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987இலிருந்து அரசியலமைப்பில் இருக்கிறது. பல மாதம் பதிலில்லை. பிறகு வந்தது, சிங்களத்தில். வவுனியாவில் ஒருவரிடம் கொண்டுபோய் வாசிப்பித்தேன். மத்தியஸ்தரின் தீர்மானம் இறுதியானது என்று இருந்ததாம். இறுதியானது என்று எங்களுக்குத் தெரியும், ஐயா. தோற்ற சண்டையை வென்றதாக எழுதித் தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பதக்கத்தை எடுத்தவள் வைத்துக்கொள்ளட்டும். அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எந்தத் தவறுக்கு, எந்த நிமிடத்தில், எதைப் பார்த்து எங்கள் பிள்ளையின் புள்ளியை வெட்டினீர்கள் என்ற ஒரு வரிக்குத்தான் அந்தக் கடிதம் எழுதினது. அந்த ஒரு வரி உங்கள் பதிலில் இல்லை.

இனிமேல் எந்த றிங்கிலும், புள்ளி வெட்டினால் சண்டை முடிந்த கையோடு காரணத்தை ஒரு கடுதாசியில் எழுதிப் பிள்ளையின் மூலையில் நிற்பவனிடம் கொடுங்கள். கீழே உங்கள் கையெழுத்தை வையுங்கள். தமிழில் எழுத ஆளில்லை என்றால் சிங்களத்திலேயே எழுதித் தாருங்கள், நாங்கள் வாசிப்பித்துக்கொள்கிறோம்.