வெள்ளைச் சாலையும் இட்லி சைக்கிளும்

மாதுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் குடியிருப்புகளின் வாசலில் இப்போது புதுவகைச் சைக்கிள் ஒன்றைப் பார்க்கிறோம். 'கிராவல் பைக்' என்று பெயர். பந்தய சைக்கிளைப் போல வளைந்த ஹாண்டில்பார், ஆனால் அகலமான டயர். சரளைக்கல் பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்தது. விலை பல சமயம் லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. நல்ல சம்பளம் வாங்கும் நம் பிள்ளைகள் சிலருக்கு, விடுமுறையில் இத்தாலிக்கே போய் அங்குள்ள கிராமத்துச் சாலைகளில் இதை ஓட்ட வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசைதான். அந்த இத்தாலியச் சாலைகளின் வரலாற்றில் மும்பைத் தமிழர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

இத்தாலியின் டஸ்கனி பகுதியில், சியெனா நகரைச் சுற்றிலும் 'ஸ்ட்ராடே பியாங்கே' என்ற சாலைகள் உண்டு. வெள்ளைச் சாலைகள் என்று பொருள். தார் போடாமல் வெளிறிய சரளைக்கல் பரப்பியவை. இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள், ஆலிவ் மரங்கள், நெட்டையான சைப்ரஸ் வரிசைகள். காலப்போக்கில் இந்தச் சாலைகளும் ஒவ்வொன்றாகத் தார்ச்சாலை ஆகிவிடும் என்ற நிலை வந்தது. அதைத் தடுக்க ஜியான்கார்லோ புரோச்சி என்பவர், கையோலே என்ற சிற்றூரில் 1997-இல் 'லெரோய்க்கா' என்ற சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். பழைய காலத்துச் சைக்கிளில்தான் வரவேண்டும் என்பது அங்கே விதி. 2007 முதல் தொழில்முறை வீரர்களின் பந்தயமும் இதே சாலைகளில் நடந்து, சியெனாவின் பெரிய சதுக்கத்தில் முடிகிறது. உலகமே பார்க்கும் சாலையில் தார் ஊற்ற யாருக்குத் துணிவு வரும்?

இதில் வரிசையைக் கவனியுங்கள். அந்தச் சாலைகளைச் சுற்றுலாவுக்காகப் போடவில்லை. பண்ணைக்கும் ஊருக்கும் இடையே போய்வரும் உழைப்பாளிகளின் வழி அது. முதலில் உழைப்பவன் வந்தான். அழகை ரசிப்பவன் அவனுக்குப் பின்னால் வந்தான்.

மும்பையில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில் 2011-இல் 13 கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிள் பாதை திறந்தார்கள். அந்த அலுவலகங்களுக்குக் காரில் வருகிறவர்கள் பலர். பாதை வண்டி நிறுத்துமிடமாக மாறிப் போயிற்று. 2025-இல் அதை எடுத்துவிட்டுக் கார்களுக்கு இடம் விட முடிவாயிற்று.

அடுத்தது தான்சா குழாய்ப் பாதை. நகருக்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்தப் பெரிய குழாயை ஒட்டி, முலுண்டிலிருந்து சயான் வரை 39 கிலோமீட்டர் சைக்கிள் பாதை அமைக்க மாநகராட்சி திட்டமிட்டது. குழாயின் பாதுகாப்புக்காக இருபுறமும் பத்து மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. குடிசைகளை அகற்றினார்கள். திரும்பவும் குடிசை முளைக்காமல் இருக்கச் சைக்கிள் பாதை என்றார்கள். குடிநீர்க் குழாயைக் காப்பது அவசியம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அங்கிருந்த பலரைக் கொண்டுபோய் விட்ட இடம் செம்பூரை அடுத்த மாகுல், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில். அந்தக் காற்றில் வாழும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019 செப்டம்பரில் உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று. சைக்கிளில் வேலைக்குப் போகக்கூடியவரை அப்புறப்படுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்குபவருக்குப் பாதை போட்டால் அது எத்தனை நாள் நிலைக்கும்?

இந்த நகரத்தில் அன்றாடம் சைக்கிளை நம்பிப் பிழைப்பவர் யார்? விடியற்காலையில் 'பாம் பாம்' என்ற ஹாரன் சத்தத்தைக் கேளுங்கள். தாராவியிலிருந்து கிளம்பும் நம் இட்லிக்காரர் அவர். கேரியரில் அலுமினிய அண்டா நிறைய இட்லி, வடை. பக்கவாட்டில் சாம்பார், சட்னித் தூக்குகள். தென் மாவட்டங்களிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்கள் இந்த ஒரு சைக்கிளை வைத்தே பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கின்றன. இன்னொரு வேடிக்கை. அவருடைய சாதாரண சைக்கிளின் டயர் அகலம் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். லட்ச ரூபாய் கிராவல் பைக்கின் டயரும் ஏறக்குறைய அதே அகலம்தான்!

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஜல்லி நிலைப்பதும் சரிவதும் அதனடியில் தண்ணீர் வடிவதைப் பொறுத்தது. மும்பையில் நான்கே மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. ஆகவே டஸ்கனியைப் பார்த்து இங்கே சரளைப் பாதை போட்டால் ஒரே மழைக்காலத்தில் கரைந்துவிடும். நமக்கு வேண்டியது அதைவிடச் சாதாரணமான காரியங்கள். சாலை ஓரத்தில் நல்ல சரிவும் வடிகாலும் வேண்டும். பேவர் பிளாக்குகள் பெயர்ந்து பள்ளம் விழாமல் இருக்க வேண்டும். சாக்கடை மூடியின் இரும்புக் கம்பிகள் சாலைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் சக்கரம் இடுக்கில் மாட்டும், கொதிக்கும் சாம்பாரோடு ஆள் விழுவார். 1912-இல் கட்டிய சயான் ரயில்வே மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்டில் மூடியபோது, எல்லோரும் சுற்றிப் போனார்கள். காரில் சுற்றினால் பெட்ரோல் தேயும், சைக்கிளில் சுற்றினால் முழங்கால் தேயும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இதைவிடப் பெரிய கவலை தாராவி மறுசீரமைப்பு. தகுதி பெற்ற குடும்பங்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்கிறார்கள். பிந்தி வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வெளியேதான் இடம். தேவ்னார் குப்பைமேட்டு நிலமும் முலுண்ட் உப்பளமும் அந்தப் பட்டியலில் அடிபடுகின்றன. தாராவியிலிருந்து மாதுங்கா கூப்பிடு தூரம். தேவ்னாரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாது. அண்டாவின் பாரத்தோடு அத்தனை தூரம் மிதித்து, சூடு ஆறாமல் ஏழு மணிக்குள் இட்லியைக் கொண்டுவர முடியுமா? வீட்டை மாற்றினால் தொழிலே போய்விடும்.

"எல்லோரும் ஸ்கூட்டருக்கு மாறிவிடுவார்கள், சைக்கிளுக்கு என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். முடிந்தவர்கள் மாறட்டும். ஆனால் ஊரிலிருந்து வெறுங்கையோடு வருகிற அடுத்த ஆளுக்கு, லைசென்சும் பெட்ரோலும் கேட்காத முதல் படி சைக்கிள்தான். அந்தப் படியை நாம் தட்டிவிடக் கூடாது.

ஆகவே மும்பையின் தமிழ் அமைப்புகள் மூன்று கோரிக்கைகளை எழுத்துமூலம் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. புதிய தாராவியின் கட்டடங்களில் கீழ்த்தளத்தில் உணவு தயாரிக்கவும் சைக்கிள் நிறுத்தவும் இடம் வேண்டும். சைக்கிளில் தொழில் செய்பவரை, மாடியில் குடியிருந்தாலும், தாராவியை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. தாராவியிலிருந்து மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் போகும் சாலைகளின் ஓரம், விடியற்காலையில் மட்டுமாவது நிறுத்திய வண்டிகள் இல்லாமல் இருக்க வேண்டும்.

கிராவல் பைக் வாங்கிய நம் இளைஞர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்து, இட்லிக்காரர் போகும் வழியில் அவர் பின்னாலேயே ஓட்டிப் பாருங்கள். எங்கே பள்ளம், எங்கே கம்பி மூடி, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று படமெடுத்து, குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தக் குறிப்புகளைக் கோரிக்கை மனுவோடு இணைத்து மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கொடுக்கலாம். இத்தாலியில் 92 பேரால் ஆரம்பித்தது. நம்மில் அத்தனை பேர் கிடைக்க மாட்டார்களா?