தாய் வீடு போய் ஓய்வெடுக்கலாம்... மாட்டை யார் கறப்பது?

கேள்வி: வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை ஆபரேஷன் செய்து 21 நாள் ஆகிறது. தையல் பிரித்தாயிற்று. 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தாய் வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கும்படி அண்ணன் கூப்பிடுகிறார். இன்னும் இரண்டு வாரத்தில் அவர் குழந்தைக்குக் காதுகுத்து. இங்கே இரண்டு கறவை மாடுகளும் ஒன்றரை ஏக்கரில் 75 நாள் நிலக்கடலையும் இருக்கின்றன. இதுவரை ஓரகத்தி வந்து பால் கறந்து கொடுக்கிறார். அடுத்த வாரம் அவரும் மகள் பிரசவத்துக்குப் போகிறார். கணவருக்குக் கறக்கத் தெரியாது. தாய் வீடு போகலாமா, போனால் மாடு என்ன ஆவது?
– சேலம் மாவட்ட வாசகி

பதில்: போகலாம். ஆனால் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் தழும்பைக் காட்டி, 'இவ்வளவு தூரம் பஸ்ஸில் போகலாமா?' என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். உடம்பு விஷயத்தில் அவர் சொல்வதே முடிவு. மாட்டுக்கு மட்டும் அவரிடம் பதில் இருக்காது. அதற்கு ஒரு வழி செய்யாமல் கிளம்பினால் சகோதரி மூன்றாம் நாளே திரும்பி வந்து கட்டுத்தறியில் உட்கார்ந்துவிடுவார். கிராமத்துப் பெண்கள் பலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகான ஓய்வு கெடுவது இப்படித்தான்.

வெளியே தெரியும் தையல் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். உள்ளே வயிற்றுச் சுவர் கூடிப் பலப்பட ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். அதற்குள் பாரம் தூக்கினால் உள்காயம் விட்டு ரத்தப்போக்கு வரலாம். தழும்பு இருக்கும் இடம் பலவீனப்பட்டு, அதன் வழியாகக் குடல் பிதுங்கவும் இடமுண்டு. அப்புறம் அதற்கு இன்னொரு ஆபரேஷன்.

'கனம் தூக்காதீங்க' என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்போது விவசாய வீட்டுப் பெண்ணுக்கு நினைவு வருவது 45 கிலோ யூரியா மூட்டையும் 50 கிலோ தீவன மூட்டையும்தான். அதை எப்படியும் அவர் தூக்கப் போவதில்லை. தினமும் தூக்குகிற தண்ணீர் வாளி கனத்தில் சேர்த்தியாகவே தெரிவதில்லை. 15 லிட்டர் வாளியில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. நிறைந்த சாணிக் கூடை அதற்குக் குறையாது. தலைச்சுமையாக வரும் பச்சைத் தீவனக் கட்டு அதைவிட அதிகம். ஆறு வாரம் வரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்பதே டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கறவையில் பாரமே இல்லையே என்று கேட்கலாம். குந்தி உட்கார்ந்து கறப்பது அடிவயிற்றை அழுத்தும். பாலுக்குத் துடிக்கும் கன்று கயிற்றை ஒரு இழு இழுத்தாலும், மாடு ஒரு உதை விட்டாலும் படுகிற இடம் வயிறுதான்.

ஆகவே ஓரகத்தி ஊருக்குப் போவதற்குள் கணவர் கறக்கப் பழக வேண்டும். இரண்டு மாடு வைத்துப் பால் சங்கத்தில் பணம் வாங்கும் வீட்டில் கறக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர் என்பது, ஆபரேஷன் இல்லாத காலத்திலும் ஆபத்துதான். இன்றே ஆரம்பித்தால் ஒரு வாரம் கிடைக்கும். முதல் இரண்டு நாள் கறவை நேரத்தில் அவர் மாட்டின் பக்கத்தில் நின்று தீவனம் வைத்து, தடவிக் கொடுத்தால் போதும். புது ஆளைக் கண்டு மிரளும் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மூன்றாம் நாள் சாதுவான மாட்டில் இரண்டு காம்பை அவர் கறக்கட்டும், மீதியை ஓரகத்தி முடிக்கட்டும். அப்படியே கூட்டிக்கொண்டு போகலாம்.

கட்டைவிரலை மடக்கி, முட்டியால் காம்பை நசுக்கிக் கறக்கும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிட வேண்டும். காம்பை முழுக் கையாலும் பிடித்துக் கறப்பதே சரி. சுரந்த பால் ஐந்து முதல் ஏழு நிமிடம்தான் தாராளமாக இறங்கும். புதிதாகக் கறப்பவருக்கு அந்த வேகம் வராது என்பதால் சில நாள் அளவு குறையும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மடியில் பால் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். கன்று இருந்தால் கடைசியில் ஊட்டவிடலாம். கறந்த பின் காம்புத் துவாரம் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அதனால் மாடு உடனே படுக்காதபடி தீவனம் வைத்து அரைமணி நேரம் நிற்க வைக்க வேண்டும்.

மடி சூடாகி வீங்கினாலோ, பால் திரிதிரியாக வந்தாலோ அது மடிவீக்க நோய். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியில் இருக்கும் பாலைக் கறந்து கழுவிய பின், தண்ணீரில் கரைத்து ஒரு நாளில் பல முறை பூசிவர வேண்டும். அதே நாளில் கால்நடை மருத்துவருக்கும் சொல்ல வேண்டும். 1962 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

அடர்தீவன அளவு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்கணக்கில் இருக்கும். உடம்பைப் பராமரிக்க ஒன்று முதல் ஒன்றரை கிலோ, கறக்கும் பாலில் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்று கணக்கிட்டு, ஒரு டப்பாவில் பெயிண்டால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் கணவர் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்காது. மாடுகளில் ஒன்று கன்று ஈன இன்னும் இரண்டு மாதமே இருக்கும் சினைமாடு என்றால், அதைப் பால் வற்ற விட்டுவிடலாம். எப்படியும் செய்ய வேண்டியதுதான். கணவருக்குப் பழக்கமே வரவில்லை என்றால் கறவைக்கு ஆள் வைக்க வேண்டும். அந்தக் கூலியைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் இரண்டாவது ஆபரேஷன் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

எப்போது போவது? விசேஷத்துக்கு முன்னால் பத்து நாள் தங்கப் போவது ஓய்வாக இருக்காது. காதுகுத்து வீட்டில் பந்தல், பலகாரம், வந்து போகிற ஆட்கள் என்று ஒரே அமளியாக இருக்கும். அண்ணி தனியாக அல்லாடும்போது நாத்தனார் கட்டிலில் படுத்திருக்க மனசு கேட்காது. முந்தின நாள் மதியம் போய்ச் சேர்ந்து, விசேஷம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பத்து நாள் தங்குவதே நல்லது. அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஓரகத்தி போன பின் கணவர் தனியாகக் கறக்கும் முதல் வாரம் சகோதரி வீட்டிலேயே இருப்பார். தள்ளி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம். எழுந்து போய்க் காம்பைப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பயணத்துக்கு டூவீலர் வேண்டாம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதற்காக மூன்று பஸ் மாறிப் போவதும் வேண்டாம். இந்த ஒரு தடவை டிக்கெட் எடுத்து, கூட்டம் இல்லாத நேரத்தில் நேராகப் போகிற பஸ்ஸில் போகலாம். பின்சக்கரத்துக்கு மேலும் கடைசி சீட்டிலும் குலுக்கல் அதிகம் என்பதால் நடுவில் உட்கார வேண்டும். வயிற்றோடு ஒரு சின்னத் தலையணையை அணைத்துக்கொண்டால் பள்ளத்தில் பஸ் இறங்கும்போதும் இருமல் வரும்போதும் வலி தெரியாது. காலைத் தொங்கப்போட்டபடி அசையாமல் இருந்தால் கால் நரம்பில் ரத்தம் உறைய வாய்ப்புண்டு. பாதத்தை அடிக்கடி மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வர வேண்டும். வழியில் கழிப்பறை இருக்காது என்று தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் வருவது நம் பெண்களின் பழக்கம். இப்போது அது கூடவே கூடாது.

தாய் வீட்டுக்கு வெறுங்கையோடு போக மனசு வராது. பத்துத் தேங்காய் எடுத்தாலே ஐந்து கிலோ ஆகிவிடும். பையைக் கூட வருகிறவர் தூக்கட்டும்.

அண்ணனிடம் முன்கூட்டியே போனில் சொல்லிவிட வேண்டிய விஷயங்கள் சில உண்டு. பாயில் படுத்து எழுவது வயிற்றை இழுக்கும், அதனால் ஒரு கட்டில் வேண்டும். எழும்போது பக்கவாட்டில் திரும்பிப் படுத்து, கையை ஊன்றி எழ வேண்டும். உட்கார்ந்து எழுகிற கழிப்பறை சிரமமாக இருந்தால் நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி கடைகளில் கிடைக்கும். சளி, காய்ச்சலோடு வருகிறவர்கள் எட்ட நின்றே நலம் விசாரிக்கட்டும். இருமினால் வலி எடுக்கும் இடம் எது என்பது ஆபரேஷன் ஆனவருக்குத்தான் தெரியும்.

பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொல்வார்கள். பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், முட்டை ஆகாது, தண்ணீர் அதிகம் குடித்தால் புண் ஆறாது என்பதெல்லாம் காலங்காலமாகச் சொல்லி வருவது. உண்மை நேர்மாறானது. காயம் ஆறப் புரதம் வேண்டும், அது இருப்பதே பருப்பு, முட்டை, மீன், பால், நிலக்கடலையில்தான். நிலக்கடலை விளைவிக்கிற வீட்டில் அதை ஒதுக்கி வைப்பதில் அர்த்தமே இல்லை. மாதக்கணக்கில் அதிக ரத்தப்போக்கு இருந்து கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு ரத்தசோகையும் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் ஊருக்குப் போன இடத்தில் அதை விட்டுவிடக் கூடாது. மலச்சிக்கல் வந்தால் முக்க வேண்டியிருக்கும். கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர் இவைதான் அதற்கு வழி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் விசேஷ வீட்டு இனிப்பைத் தொடாமல் இருப்பது நல்லது, சர்க்கரை கூடினால் புண் ஆறாது. தழும்பின் மேல் மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதையும் டாக்டர் சொல்லாமல் பூச வேண்டாம்.

காதுகுத்து அன்று அத்தை முறைக்குச் சீர்த்தட்டு எடுக்கச் சொல்வார்கள். தட்டில் கையை வைத்தால் போதும், இன்னொருவர் சுமக்கட்டும். காது குத்தியதும் குழந்தை வீறிட்டு அழும். அத்தையின் கை தானாக நீளும். ஒரு வயதுக் குழந்தை என்றால் எட்டு, ஒன்பது கிலோ இருக்கும், அதுவும் அழுது உதைக்கிற குழந்தை. அந்த நேரம் கொஞ்சம் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் நல்லது. கோபித்துக்கொள்கிற சொந்தக்காரர் ஒருவர் எங்கும் இருப்பார். அவருக்கு அண்ணன் பதில் சொல்லட்டும்.

டிஸ்சார்ஜ் கொடுத்தபோது தந்த தாள்களும் மாத்திரைச் சீட்டும் பையிலேயே இருக்க வேண்டும். லேசான கசிவு சில வாரம் இருப்பது வழக்கம்தான். திட்டுத் திட்டாக அதிக ரத்தம் போவது, கெட்ட வாடையுடன் நீர் போவது, காய்ச்சல், தழும்பு சிவந்து சீழ் கசிவது, நிற்காத வாந்தி, சிறுநீர் கழிக்க முடியாமை, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றில் எது வந்தாலும் விசேஷம் நடந்துகொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108.

இனி நிலக்கடலை. 75 நாள் பயிரில் ஜிப்சம் இட்டு மண் அணைக்கும் வேலை எப்போதோ முடிந்திருக்கும். இனிமேல் மண்ணைக் கிளறினால் காய்க்குக் கேடு என்பதால் களைவெட்டும் கிடையாது. காய் முற்றும் பருவம் இது, ஈரம் மட்டும் குறையக் கூடாது. கணவர் மாட்டையும் பார்த்துக்கொண்டு தண்ணீரும் பாய்ச்சிவிடலாம். வருஷத்தில் இப்படி ஒரு இடைவெளி கிடைப்பது அபூர்வம்.

105 முதல் 110 நாள் ரகம் என்றால், சகோதரி ஊர் திரும்பி ஒரு வாரம், பத்து நாளில் அறுவடை வந்துவிடும். அப்போது ஆபரேஷன் முடிந்து எட்டு வாரம் நெருங்கியிருக்கும். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஆறு வாரப் பரிசோதனைக்குப் போய், என்ன வேலை செய்யலாம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 'வேலை செய்யலாமா?' என்று பொதுவாகக் கேட்டால் டாக்டர் சமையலை நினைத்துக்கொண்டு 'செய்யலாம்' என்று சொல்லக்கூடும். குனிந்து செடி பிடுங்குவது, கட்டு சுமப்பது, மூட்டை பிடிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் சரி என்றாலும் இந்தப் போகத்துக்குச் செடி பிடுங்க ஆள் விட்டுவிட்டு, நிழலில் நாற்காலி போட்டு, மணிக்கொரு தரம் எழுந்து நடந்தபடி காய் ஆயும் வேலையை மட்டும் சகோதரி எடுத்துக்கொள்ளலாம்.