யார் காது கொடுப்பது?

ராஜா அண்ணாமலைபுரத்தில் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கியது. சாகத் துணிந்தவர் பேசுவதைத் தொண்டர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. தேர்வில் தோற்ற பிள்ளைக்கு உடனே மறுதேர்வு வேண்டும் என்று வாதாடியவர்களில் லட்சுமியும் ஒருவர். கேட்ட காது, விதியை மாற்றச் சொல்லி வாயும் திறந்தது. அதுதான் எனக்குப் பாடம்.

ஆனா நம்ம பிள்ளைங்க எங்க இருக்குதுங்க? ஆதிதிராவிடர் நல விடுதியில. கூர்நோக்கு இல்லத்துல. செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுப் பையன் 2022 டிசம்பர் 31இல் செத்தான். அடித்ததாக இல்லப் பணியாளர்களே கைதானார்கள். பிறகுதான் நீதிபதி சந்துரு குழு.

அடிக்கிறவன் கையிலேயே சாவி இருந்தா, சுவத்துல தொலைபேசி எண் ஒட்டி என்ன பயன்? 'பிரச்சினைக்குரிய பிள்ளை' என்கிறார்கள். பிரச்சினை பிள்ளையிடமா, சாதியிடமா?

காப்பாளருக்குக் கட்டுப்படாத, புகார் எழுதும் அதிகாரமுள்ள ஆள் ஒவ்வொரு விடுதிக்கும் இல்லத்துக்கும் வேண்டும். விடுதிச் சோறு தின்று படித்த தோழர்களே, அந்த வேலையை நாமே கேட்போம்.