யூனானியப் பெயரும் வேலியோரப் பூவும்



தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையோரத் தரிசுகளைச் சற்று உற்று நோக்குங்கள். தரையோடு படர்ந்து சிறிய மஞ்சட்பூ பூத்திருப்பது நெருஞ்சி. வெண்ணரம்பு ஓடிய முள்ளிலைகளுக்கு மேலே பெரிய மஞ்சட்பூவை ஏந்தி நிற்பது பிரமதண்டு. குடியோட்டிப் பூண்டு என்றும் கூறுவர். இவ்விரண்டுக்கும் தாவர நூலார் வழங்கும் பெயர்கள் பண்டைய கிரேக்கத்திலிருந்து வந்தவை.

நெருஞ்சியின் பெயர் பொருத்தமானதே. 'ட்ரிபோலோஸ்' என்றால் மும்முனை உடையது. பகைவரின் குதிரைக் குளம்பில் தைக்கும்படி வழியில் இறைத்த இரும்பு முள்ளுக்கும் அதுவே பெயர். வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போனவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை!

பிரமதண்டின் கதை வேறு. அதன் பெயர் 'அர்கெமோனே'. கண்ணில் விழும் வெண்படலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. அப்படலத்தை நீக்கும் மூலிகை என்பது கருத்து. கி.பி. முதல் நூற்றாண்டில் டயஸ்கோரிடீஸ் என்ற மருத்துவர் தம் மூலிகை நூலில் இப்பெயரால் குறித்த செடி, கசகசாச் செடியின் இனத்தது. பிரமதண்டோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. கிரேக்கர் அதைக் கண்டதே இல்லை. 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் பழைய பெயரை எடுத்து இப்புதிய செடிக்குச் சூட்டிவிட்டார்.

டயஸ்கோரிடீஸின் அதே நூலை ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இஸ்திஃபான் இப்னு பாஸில் அரபியாக்கினார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் திருத்தினார். அரபியில் நேரான பெயர் தெரியாத செடிகளுக்கு, ஏதோ ஒரு பெயரை ஒட்டாமல் கிரேக்கப் பெயரையே அப்படியே விட்டுவைத்தார்கள். பின்னால் அறிந்தவர் வந்து விளக்கட்டும் என்ற எண்ணம். 951இல் குர்துபாவுக்கு கிரேக்கம் அறிந்த துறவி ஒருவர் வந்து சேர, அங்குள்ள மருத்துவர்கள் அவரோடு அமர்ந்து அப்பெயர்களில் பலவற்றை இனங்கண்டனர். கிரேக்க நாட்டை யூனான் என்பது அரபி வழக்கு. நம் ஹகீம்களின் யூனானி மருத்துவம் பெயர் பெற்றதும் அதனால்தான்.

பெயர் மாறியதால் நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். பிரமதண்டை ஒடித்தால் வரும் மஞ்சட்பாலைக் கண்ணில் விடும் வழக்கம் நாட்டுப்புறத்தில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இச்செடியில் நஞ்சு இருக்கிறது. 1998இல் டில்லியில் இதன் விதையெண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கால்கள் வீங்கும், மூச்சுத் திணறும். சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் கூடிப் பார்வையே கெடும். கண் மருந்தின் பெயரைச் சுமக்கும் செடி செய்யும் வேலை இது!

நம் பக்கத்தில் கடுகெண்ணெயில் சமைப்பவர் குறைவு. ஆயினும் தாளிக்கக் கடுகு வாங்காத வீடில்லை. சில்லறையாக வாங்கினால் ஒரு பிடியை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். கடுகு வழவழப்பானது, நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதை சொரசொரப்பானது, கருமை மிகுந்தது. நசுக்கினால் உள்ளே வெள்ளை.