ஆட்டம் டி525-ம் ஏஎம்டி இ-350-ம்: ரெண்டும் ஒண்ணு இல்லைங்க சாமி!

பழைய கம்ப்யூட்டர் பற்றிப் பேச்செடுத்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பி வந்துவிடும். ஒரு கோஷ்டி, "பதினஞ்சு வருஷத்துச் சரக்கா? எல்லாம் ஒரே குப்பைதான் பாஸ், தூக்கிப் போடுங்க" என்று சொல்லும். இன்னொரு கோஷ்டி கொஞ்சம் விவரம். ஸ்பெக் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "கிகாஹெர்ட்ஸ் எது ஜாஸ்தி, வாட் எது கம்மி? அதை எடு" என்று தீர்ப்பு எழுதிவிடும். முதல் கோஷ்டியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ரெண்டாவது கோஷ்டிதான் ஆபத்து. ஏன்னா, அவங்க பேச்சைக் கேட்டு நாலு பேர் காசைப் போடறாங்க.

பஞ்சாயத்துக்கு ரெண்டு பேரைக் கூப்பிடுகிறேன். ஒருவர் 2010-ல் வந்த இன்டெல் ஆட்டம் டி525. இன்னொருவர் 2011 ஜனவரியில் வந்த ஏஎம்டி இ-350. ரெண்டும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சின்னப் பெட்டிகளுக்காகச் செய்தவை. இ-350 லேப்டாப்பிலும் நிறைய வந்தது. இன்றைக்கும் பரணிலோ, செகண்ட் ஹேண்ட் கடையிலோ, சொந்தக்காரர் வீட்டு மூலையிலோ கண்ணில் படும் ஜென்மங்கள்.

காகிதத்தில் ஜாதகம் இப்படி:

டி525: 1.8 கிகாஹெர்ட்ஸ், ரெண்டு கோர், நாலு த்ரெட், 13 வாட்.
இ-350: 1.6 கிகாஹெர்ட்ஸ், ரெண்டு கோர், ரெண்டே த்ரெட், 18 வாட்.

அச்சடித்த எண்கள் அத்தனையிலும் இன்டெல்தான் ஜெயிக்கிறது. ஆனால் ரெண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பிரவுசரைத் திறந்தால் கதை தலைகீழ். அது எப்படி?

ரேஷன் கடை க்யூவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்கிறவர் பையைத் துழாவி கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். பின்னால் இருக்கும் இருபது பேரும் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தேமேன்னு நிற்கவேண்டியதுதான். ஆட்டம் வேலை செய்வது இப்படித்தான். கட்டளைகளை வந்த வரிசையிலேயே முடிக்கும். ஒரு கட்டளைக்கு வேண்டிய தகவல் மெமரியில் இருந்து வரத் தாமதமானால், பின்னால் இருப்பதெல்லாம் காத்துக்கிடக்கும்.

இ-350-க்குள் இருப்பது பாப்கேட் கோர். இது நல்ல டீ மாஸ்டர் மாதிரி. ஒருத்தருக்குப் பால் கொதிக்கிற நேரத்தில் இன்னொருத்தருக்குக் கட்டஞ்சாயா ஊற்றிக் கொடுத்துவிடுவார். எது தயாரா இருக்கோ அதை முதலில் முடிப்பது, கணக்கை மட்டும் கடைசியில் வரிசையாகச் சரிபார்ப்பது. அதனால்தான் 1.6-ல் ஓடினாலும் ஒரு கோருக்கு ஒரு கோர் என்று பார்த்தால் 1.8-ஐத் தாண்டிப் போகிறது. கிகாஹெர்ட்ஸ் என்பது கை எவ்வளவு வேகமா ஆடுது என்பதற்கான கணக்கு. எத்தனை டீ வெளியே வந்தது என்பது வேறு கணக்கு.

"அப்ப அந்த நாலு த்ரெட்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. க்யூவில் ஒருத்தர் கார்டு தேடும்போது, பக்கத்து க்யூவில் இருப்பவரைக் கவனிப்பதுதான் ஹைப்பர்த்ரெடிங். வீடியோ மாற்றுவது, பெரிய ஃபைலைச் சுருக்குவது மாதிரி எல்லா த்ரெட்டையும் வேலை வாங்குகிற இடங்களில் டி525 இ-350-க்குப் பக்கத்தில் வந்துவிடும். இதை மறைக்க மாட்டேன். ஆனால் இந்தச் சின்னப் பெட்டியில் யாருங்க நாள் முழுக்க வீடியோ மாற்றிக்கொண்டிருக்கப் போறீங்க? பக்கம் திறக்கணும், மெயில் பார்க்கணும், ஒரு கடிதம் தட்டணும், ஒரு படம் பார்க்கணும். பெரும்பாலும் ஒரு த்ரெட்டின் வேகம்தான் கைக்குத் தெரியும்.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது, டி525-ன் பெரிய ஓட்டை. உள்ளே இருக்கும் ஜிஎம்ஏ 3150 கிராபிக்ஸுக்கு எம்பெக்-2 தவிர வேறு வீடியோவுக்கு உதவி செய்யத் தெரியாது. 1080பி எச்.264 படத்தைப் போட்டால் பாரம் மொத்தமும் ஏற்கெனவே மூச்சு வாங்கும் கோர் தலையில். திக்கித் திணறும். இதைச் சரிக்கட்ட அந்தக் காலத்தில் என்விடியா அயான் சிப்பைச் சேர்த்தார்கள், பிராட்காம் கார்டைச் செருகினார்கள். வெறும் டி525 போர்டில் மிச்சம் பிடித்த காசு அங்கே காணாமல் போனது. இ-350-ல் ரேடியான் எச்டி 6310, வீடியோவுக்கென்று தனிப் பகுதியோடு உள்ளேயே இருக்கிறது. எச்.264 1080பி படம் ஓடும்போது கோர் கிட்டத்தட்ட சும்மா இருக்கும். கேம் பற்றிக் கேட்காதீங்க. பேருதான் ஆட்டம், ஆடத்தான் தெரியாது :-)

இனி அந்த வாட் விவகாரம். 13 எங்கே, 18 எங்கே என்று கண்ணை உருட்டுகிறார்களே, கணக்குப் போட்டே பார்ப்போம். துணைச் சிப்புகளையும் சேர்த்து, முழு பாரத்தில் வித்தியாசம் 8 வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தினம் 8 மணி நேரம், வருஷம் 365 நாளும், ரெண்டும் உச்சத்திலேயே ஓடினால் 23 யூனிட் சொச்சம். யூனிட் ஆறு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 140 ரூபாய். மாசம் ஒரு டீ. அதுவும் யாரும் உச்சத்தில் எட்டு மணி நேரம் ஓட்டுவதில்லை. டிடிபி என்பது குளிர்விக்க எவ்வளவு ஏற்பாடு வேண்டும் என்று சொல்லும் எண், கரண்ட் பில் அல்ல.

இன்னொரு கூத்து சொல்லணும். 2008-ல் ஆட்டம் 230 வந்தது. "வெறும் 4 வாட்!" என்று ஊரே பேசியது. அதோடு ஜோடி சேர்த்த 945ஜிசி சிப்செட் மட்டும் 22 வாட். இன்டெலின் சொந்த மதர்போர்டிலேயே ப்ராசஸருக்கு விசிறி கிடையாது, சிப்செட்டுக்கு விசிறி! மாப்பிள்ளை விரதம் இருக்கார் என்று பெருமை பேசிவிட்டு, கூட வந்த தோழன் மூணு பந்தி சாப்பிட்ட கதை. பெட்டிமேல் அச்சடித்தது எந்த எண் என்று நினைக்கிறீர்கள்?

ஏஎம்டி ஒன்றும் உத்தமர் இல்லை. அதே குடும்பத்தில் 1.3 கிகாஹெர்ட்ஸ் இ-300-ஐயும், 1 கிகாஹெர்ட்ஸ் சி-50-ஐயும் இறக்கினார்கள். பெரிய திரை லேப்டாப்புக்குள் இ-300-ஐ வைத்து விற்றபோது, வாங்கியவர்கள் முழு லேப்டாப் வேகத்தை எதிர்பார்த்து நொந்துபோனார்கள். அதனால் "ஏஎம்டி ஸ்டிக்கர் இருக்கு" என்பதோடு நிறுத்தாமல் மாடல் எண்ணைப் படியுங்கள்.

"சரிய்யா, இன்னிக்கு இதையெல்லாம் எதுக்குப் பேசணும்?" காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இந்த ரெண்டும் தகுதி இல்லை. மிச்சம் இருப்பது லினக்ஸ். அங்கே ரெண்டுமே 64 பிட் என்பதால் பிழைத்துக்கொள்ளும். 2008 நெட்புக்குகளில் இருந்த ஆட்டம் என்270 வெறும் 32 பிட், 2025-ல் வந்த டெபியன் 13 அதற்கு இன்ஸ்டாலரே தரவில்லை. அதுவும் இ-350 மாதிரியே 1.6 கிகாஹெர்ட்ஸ்தான், கவனிச்சீங்களா?

லினக்ஸ் போட்டாலும் டி525-ல் மெமரி 4 ஜிபியோடு நின்றுவிடும். பல இ-350 போர்டுகள் 8 ஜிபி ஏற்கும். டி525-ன் என்எம்10 சிப்செட்டில் ஹார்ட் டிஸ்க் மாட்ட ரெண்டே சாட்டா, இ-350-ன் துணைச் சிப்பில் ஆறு. ஒரு பையனுக்குப் படிக்க, வீட்டில் ஒரு ஃபைல் சர்வர் வைக்க, டிவிக்குப் பின்னால் சொருக என்று எது கேட்டாலும் என் பதில் இ-350. ஒரு எஸ்எஸ்டி, 8 ஜிபி மெமரி போதும். யூட்யூப் இப்போது தரும் விபி9, ஏவி1 வடிவங்களுக்கு ரெண்டிலுமே ஹார்டுவேர் உதவி கிடையாது. பிரவுசரில் எச்.264-ஐக் கட்டாயமாக்கும் நீட்சி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டி525-க்கு வேலையே இல்லையா? இருக்கு. திரையே இல்லாமல் மூலையில் 24 மணி நேரமும் ரவுட்டராகவோ பிரிண்ட் சர்வராகவோ கிடக்கட்டும், சத்தம் போடாமல் செய்யும். ஆனால் அதை ஒரு ஆள் உட்கார்ந்து வேலை பார்க்கிற கம்ப்யூட்டர் என்று காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால், அது ஏமாற்று வேலை.

காசு கொடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்க. பென் டிரைவில் ஒரு 1080பி எச்.264 படத்தை எடுத்துட்டுப் போய், கடைக்காரரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம் பாருங்க. அந்த ரெண்டு நிமிஷம் சொல்வதை எந்த ஸ்பெக் ஷீட்டும் சொல்லாது.

டிஸ்கி: புதுசாவே வாங்க வசதி இருக்கிறவர்கள் இந்தச் சண்டைக்கே வரவேண்டாம். 2023-ல் வந்த 6 வாட் இன்டெல் என்100 இந்த ரெண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இன்டெலைத் திட்டணும் என்று எனக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்லை மக்கா :-)