குட்டநாட்டு வாத்துக்கு உடனே பணம்

2021 ஜனவரியில் கேரளத்தின் குட்டநாட்டுப் பகுதியில், ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வகம் எச்5என்8 பறவைக் காய்ச்சல் என்று உறுதிசெய்ததும், ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள் நன்றாக இருந்த பறவைகளையும் கொன்று எரித்தார்கள்.

வேறு வழியில்லை. வைரஸ் எச்சத்திலும் தண்ணீரிலும் பரவுகிறது; அறுவடை முடிந்த வயலில் மேயும் மந்தையைக் கூண்டில் அடைக்க முடியாது.

கேரள அரசு வளர்ந்த பறவைக்கு 200 ரூபாய், இரண்டு மாதத்துக்குட்பட்ட குஞ்சுக்கு 100 ரூபாய் என்று இழப்பீடு அறிவித்தது. எங்கே நோய் வந்தாலும் இந்தப் பணம் இழுத்தடிக்காமல் கைக்கு வர வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை நாலு வாத்து கண் வெளிறி, கழுத்து திருகி விழும்போது கால்நடை மருத்துவரைக் கூப்பிட யாருக்கு மனம் வரும்? மிச்சத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடத்தான் தோன்றும். அழிப்புக் குழு வரும் அன்றே கணக்கெடுத்து, ஒரு வாரத்துக்குள் வங்கியில் பணத்தைப் போட்டுவிட வேண்டும்.