என்னைக் காட்டி நிலாவைத் திட்டாதீங்க



போன மாசம் சென்னையில மக வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் மருமகன், "மாமா, ஒரு பாட்காஸ்ட் பதிவு இருக்கு, வர்றீங்களா"ன்னு கூப்பிட்டாரு. நீங்கள்லாம் பஸ்ல காதுல மாட்டிக் கேக்குற பேச்சத்தான், ஒரு ஹால்ல ஆள உக்கார வச்சு நேர்லயே பேசிப் பதிவு பண்றாங்க. அன்னைக்குத் தலைப்பு, மனுசன் மறுபடியும் நிலாவுக்குப் போகணுமா.

மேடையில ரெண்டு தம்பிங்க நல்லாத்தான் பேசுனாங்க. கடைசியில கூட்டத்துல ஒருத்தர் எந்திரிச்சு, "விவசாயி தண்ணி இல்லாம செத்துக்கிட்டு இருக்கான், நிலாவுல என்ன வேலை?"ன்னாரு. பாருங்க, அப்படி ஒரு கைதட்டு. என் மருமகன் சும்மா இருக்காம, "எங்க மாமா விவசாயிதான், புதுக்கோட்டை"ன்னுட்டாரு. மைக் என் கைக்கு வந்துருச்சு. "எனக்கு நிலா மேல கோவம் ஒண்ணும் இல்லீங்க"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மைக்க வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க.

சொல்ல வந்த மிச்சத்த இங்க எழுதுறேன்.

முதல்ல கணக்கு. 2023 ஆகஸ்ட் 23 சாயந்தரம் நிலாவுல இறங்குன சந்திரயான்-3க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். எங்க மாவட்டம் எதிர்பாத்துக்கிட்டு இருக்குற காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில விராலிமலைக்குப் பக்கத்துல குன்னத்தூர்ல அடிக்கல் நாட்டுனாங்க. அன்னைக்குச் சொன்ன மதிப்பு 14,400 கோடி. அந்த 615 கோடிய அப்படியே தூக்கி இங்க கொடுத்தாலும், கால்வாய்ச் செலவுல நூத்துக்கு அஞ்சு பங்குகூட வராது. அப்ப என் தண்ணிய நிலா குடிச்சுருச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?

மனுசன அனுப்புறதுன்னா செலவு வேற, ஒத்துக்குறேன். ககன்யான் திட்டத்துக்கு 2024-ல ஒதுக்கீட்ட 20,193 கோடியா உயர்த்துனாங்க. அதுவே பூமியச் சுத்திட்டு வர்றதுக்குத்தான். 2040-க்குள்ள ஒரு இந்தியர் நிலாவுல கால் வைக்கணும்னு இலக்கும் வச்சிருக்காங்க, அதுக்கு இன்னும் ஆகும். பெரிய பணம்தான். வரிகட்டுற ஆளா நின்னு, இவ்வளவு ஏன்னு கேளுங்க, நியாயம். ஆனா அத நிறுத்துனா அந்தக் காசு விராலிமலைப் பக்கம் ஓடி வந்துரும்னு மட்டும் சொல்லாதீங்க. 1972 டிசம்பர்ல அப்போலோ-17 திரும்பி வந்த பிறகு அம்பது வருஷம் ஒரு மனுசனும் நிலாவுல கால் வைக்கல. அப்ப எனக்கு மூணு வயசு. அந்த அம்பது வருஷத்துல மிச்சமான காசுல உலகத்துல எந்த ஊர்க் கண்மாயத் தூர்வாருனாங்க? எங்க அப்பா காலத்துல முப்பது அடிக் கிணத்துல தண்ணி எட்டிப் பாத்துச்சு. இப்ப என் போர் 700 அடி. மனுசன் நிலாவுக்குப் போகாத காலத்துலதான் இதெல்லாம் நடந்துச்சு.

ரெண்டாவது, வானத்துக்குப் போறவனால விவசாயிக்கு என்ன லாபம்னு கேக்குறீங்க. 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்க ஊரு வழியாத்தான் போச்சு. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னையும் பலாவும் வேரோட சாஞ்சு கெடந்தத நீங்க டிவியில பாத்திருப்பீங்க. ஆனா புயல் வருதுன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். வானத்துல சுத்துற செயற்கைக்கோள் படத்தப் பாத்துத்தான சொன்னாங்க? மாட்ட அவுத்து ஓட்டுக் கொட்டகையில இருந்து வெளிய கொண்டு வந்தேன். கொட்டகை விழுந்துச்சு, மாடு பொழச்சுச்சு. என் தென்னையில 43 மரம் போச்சு. கணக்கெடுக்க வந்தவரு ரோட்டுலயே நின்னு 20-ன்னு எழுதிட்டுப் போனாரு. இருபத்திரெண்டாயிரம் மைலுக்கு அங்கிட்டு மேல இருக்குறதுக்குப் புயல் தெரிஞ்சுச்சு. முப்பது அடி தூரத்துல நின்ன ஆளுக்கு மரம் தெரியல. இப்ப சொல்லுங்க, நான் யாரத் திட்டணும்?

மூணாவது, "மெஷின் போனாப் போதாதா, ஆள் எதுக்கு?"ன்னு அந்த ஹால்ல கேட்டாங்க. இது நல்ல கேள்வி. நான் வயக்காட்டுல இருந்து பதில் சொல்றேன். போன்ல ஒரு பட்டனத் தட்டுனா என் மோட்டார் ஓடும். ஆனாலும் விடிஞ்சதும் வரப்புல ஒரு நடை நடந்தாத்தான் எலி எங்க ஓட்ட போட்டிருக்கு, எந்த மூலை மஞ்சக் கட்டுதுன்னு கண்ணுக்குப் படும். நம்ம பிரக்யான் வண்டி நிலாவுல சுமார் பத்து நாள்ல நகர்ந்த தூரம் சுமார் 100 மீட்டர். சின்ன வண்டி, அதுக்கு அது சாதனை. அப்போலோ-17ல போன ரெண்டு பேரு மூணு நாள்ல வண்டி ஓட்டுனது சுமார் 35 கிலோமீட்டர். அதுல ஹாரிசன் ஷ்மிட்ங்கிறவரு மண்ணப் படிச்சவரு. நடந்து போறப்போ சாம்பல் நிற மண்ணுக்கு நடுவுல ஆரஞ்சு நிறத்துல ஒரு திட்டப் பாத்துட்டு நின்னாரு. பழைய எரிமலைக் குமுறல்ல வந்த மண் அது. மண்ணத் தெரிஞ்சவன் மண்ணு மேல நின்னா அதுதான் நடக்கும்.

எங்க அப்பாயி நிலாவுல ஆள் போனத நம்பவே இல்ல. "மூணாம் பிறையன்னைக்கு எங்கன நிப்பான், வழுக்கி விழுந்துற மாட்டான்?"னு கேக்கும். அதுக்கு வெவரம் தெரியாதே ஒழிய, போனவன் உசுரு மேல அக்கறை இருந்துச்சு.

சரி, இதுவரைக்கும் படிச்சுட்டு நிலாக் கட்சிக்காரங்க சந்தோசப்பட்டிருப்பீங்க. உங்களுக்கும் ஒண்ணு இருக்கு.

2019 செப்டம்பர் 7, சந்திரயான்-2 இறங்குறப்போ விழுந்துச்சு. இஸ்ரோ தலைவரா இருந்த சிவன் கன்னியாகுமரிப் பக்கத்து விவசாயி மகன். அவரு அழுததப் பாத்து நம்மளும் அழுதோம். அதோட விடல அவங்க. ஏன் விழுந்துச்சுன்னு நோண்டுனாங்க. என்ஜின் நெனச்சதவிட அதிகமாத் தள்ளியிருக்கு, இறங்க ஒதுக்குன இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான்னு பின்னாடி வெளிப்படையாவே சொன்னாங்க. அடுத்த தடவ இடத்த 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டரா அகலப்படுத்துனாங்க, காலப் பலப்படுத்துனாங்க, எரிபொருள கூட்டுனாங்க. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநர். நாலு வருஷத்துல இறக்கிட்டாங்க.

எங்க ஊர்க் கண்மாய்க்கு மராமத்துன்னு ஒரு வருஷம் பணம் வந்துச்சு. போர்டு வச்சாங்க. அடுத்த ஐப்பசி மழையில மடைக்குப் பக்கத்துல கரை அரிச்சு, தேங்குன தண்ணி ஒரே ராத்திரியில போயிருச்சு. ஏன் அரிச்சுச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. எந்த அளவு தப்பு, எந்த மண்ணப் போட்டாங்க, அடுத்த தடவ என்ன மாத்தணும், ஒரு காகிதம் கெடையாது. மறுபடி பணம் வந்துச்சு, மறுபடி போர்டு. நாலு லட்சம் கிலோமீட்டருக்கு அங்கிட்டு விழுந்ததுக்குக் காரணம் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச நாட்டுக்கு, என் கண்மாய்க் கரை ஏன் உடைஞ்சுச்சுன்னு கண்டுபிடிக்கத் தெரியாதா?

தெரியும். யாரும் கேக்கல, அவ்வளவுதான். நிலாவுல இறங்குறப்போ நாடே உக்காந்து பாத்துச்சு, அதனால பதில் சொல்ல வேண்டியிருந்துச்சு. மடையத் திறக்குறப்போ நானும் ரெண்டு கொக்கும்தான் பாக்குறோம். 2008-ல போன சந்திரயான்-1 நிலா மண்ணுல தண்ணி இருக்குன்னு காட்டுனத பெருமையாப் பேசுறீங்க, பேசுங்க, எனக்கும் பெருமைதான். சந்திரயான்-2ஐ சோதிக்க நிலா மண்ணு மாதிரி மண்ணு வேணும்னு தேடுனப்போ, அதுவே நம்ம நாமக்கல் சித்தம்பூண்டிப் பாறையில இருந்துதான் கெடச்சுச்சு. கிராமத்துக்கும் நிலாவுக்கும் பகை இல்ல. அந்தக் கைதட்டுல பாதிய இந்தப் பக்கம் திருப்புங்கன்னுதான் கேக்குறேன்.

அடுத்த தடவ அந்த மாதிரி ஹால்ல யாராவது எந்திரிச்சு "விவசாயி..."ன்னு ஆரம்பிச்சா, உடனே கைதட்டாதீங்க. எந்த ஊரு, எந்தக் கண்மாய், யாரு கரையக் கட்டுனான்னு கேளுங்க. அவருக்குப் பதில் தெரிஞ்சா நிலாவ விட்டுட்டு அதப் பேசுங்க, நானும் வர்றேன். பதில் தெரியலைன்னா, எங்க பேர கீழ இறக்கி வச்சுட்டு அவரு பேர்லயே பேசச் சொல்லுங்க.

மும்முனைக் கரண்டு வந்துருச்சு. கடலைக்குத் தண்ணி பாய்ச்சணும். மிச்சம் அப்புறம்.